எப்போதும்போல் இருக்கவும்

குவிந்திலிஸ் மாதம், 6ஆம் நாள்

இன்று சதுக்கத்தில் நான் அறிவித்தவை: மேல் ஊற்றில் துணி துவைக்கக் கூடாது. இடது காது கிழிந்த கழுதை ஒன்றைக் காணவில்லை. ஊர்மன்றத் தலைவர் துரானியஸ் அவர்களின் கால்வலி குணமாகிவிட்டது. நலம் விசாரித்த அனைவருக்கும் நன்றி. யாரும் விசாரிக்கவில்லை என்பதைச் சேர்க்கச் சொல்லவில்லை, ஆகவே சேர்க்கவில்லை.

என் பெயர் நுமேரியஸ். துஸ்குலம் என்னும் இந்த மலையூரின் அறிவிப்பாளன். கொம்பை ஊதி, கல்மேடையில் ஏறி, மன்றம் சொல்வதை உரக்கக் கூவுவது என் வேலை. மன்றத்துக்குத் தலை துரானியஸ், வாய் நான். மூளைக்கு இன்னும் ஆள் போடவில்லை. என் சொந்த எண்ணங்களுக்கு இந்த மெழுகுப் பலகைகள் போதும். மெழுகில் ஒரு வசதி, யாராவது வந்தால் கட்டைவிரலால் தேய்த்துவிடலாம்.

மகன் விபியஸ் தெற்கே ஆடு வாங்கப் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. இந்த வருடம் எங்கள் ஊர் இளைஞர்களுக்கு ஆட்டின்மேல் அப்படி ஒரு பிரியம். அவனோடு இன்னும் நான்கு பேர் போயிருக்கிறார்கள். எல்லாரும் ஈட்டியும் கேடயமுமாகப் போனார்கள். தெற்கத்தி ஆடுகள் கொஞ்சம் முரடாம். துரானியஸே ஊர் எல்லைவரை வந்து வழியனுப்பினார். போனவர்களில் மானியஸ் அவருடைய இறந்துபோன தம்பியின் மகன். ஆட்டுக்காக ஒரு மனிதர் கண்கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

குவிந்திலிஸ், 9

அறிவிப்பு ஏதும் இல்லை. கழுதை கிடைத்துவிட்டது.

வேலை இல்லாத நாளில் மேல்மதில் மேல் உட்கார்ந்து ரோமைப் பார்ப்பது என் பழக்கம். காலையில் இறங்கி நடந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம், யாராவது போடுவார்களானால். அவர்களும் நாங்களும் ஒரே மொழிதான் பேசுகிறோம். அவர்கள் மூக்கால் பேசுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் பாட்டன்மார் காலத்தில் ஒரு கும்பல் அவர்களுடைய கோட்டையைப் பிடித்துக்கொண்டபோது, கூப்பிடாமலே ஓடிப்போய் மீட்டுக் கொடுத்தது நாங்கள். அதற்கு நன்றிக்கடனாக அவர்கள் எங்களை இன்றுவரை அழிக்கவில்லை. சுற்றியிருந்த மற்ற ஊர்களை ஒவ்வொன்றாக நண்பர்களாக்கிக்கொண்டார்கள். அந்த நண்பர்களின் சதுக்கங்களில் இப்போது புல் நன்றாக விளைகிறது.

தெற்கே இருக்கும் வோல்ஸ்கியர்கள் மட்டும் இந்த நட்பை ஏற்காமல் அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். விபியஸ் ஆடு வாங்கப் போன இடமும் அந்தப் பக்கம்தான். தற்செயல்.

குவிந்திலிஸ், 14

இன்று கூவியது: நம் அருமை நண்பர்களான ரோமானியர்கள் வோல்ஸ்கியரைப் போரில் முறியடித்துவிட்டார்கள். துஸ்குலத்து மக்கள் மகிழ்ச்சியடைகிறார்கள்.

மக்கள் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். "மகிழ்ச்சியடைகிறார்கள்" என்று இன்னொரு முறை கூவினேன். பின்வரிசையில் ஒருவர் இருமினார். மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் மனைவி வெத்தியா கழுவிய பானையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். கஞ்சி வைக்கவில்லை. அவித்த மொச்சை இருந்தது, தின்றேன்.

குவிந்திலிஸ், 17

ரோமிலிருந்து உப்பு கொண்டுவரும் வண்டிக்காரன் சொன்னது: பிடிபட்ட வோல்ஸ்கியக் கைதிகளில் ஐந்து பேர் வோல்ஸ்கிய மொழியே தெரியாமல் முழிக்கிறார்களாம். எங்கள் ஊர்ப்பேச்சுப் பேசுகிறார்களாம். தளபதி அவர்களை அப்படியே ரோமானியப் பெருமன்றத்தின் முன் நிறுத்தினாராம். "நண்பன் வீட்டுப் பிள்ளைகள் எதிரி வரிசையில் நின்றதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார்களாம். படை கிளம்புகிறது.

ஐந்து பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்பது இதில் நல்ல செய்தி. வெத்தியாவிடம் அதைத்தான் முதலில் சொன்னேன்.

"காயம் பட்டிருக்கான்னு கேட்டீங்களா?"

"கூட்டமா இருந்துச்சு. எப்படிக் கேக்கறது?"

"வாய் இருக்கில்ல? ஊருக்கே கேக்கற வாய்."

மாலையில் மன்றம் கூடியது. சண்டை போடலாம் என்றார் ஒருவர். மதிலில் ஒரு மாடு நுழையும் அளவுக்கு ஓட்டை இருப்பதை மற்றவர்கள் நினைவூட்டினார்கள். ஓடிவிடலாம் என்றார் இன்னொருவர். திராட்சை பழுக்கும் நேரத்தில் எப்படி என்றார்கள். கடைசியில் துரானியஸ் எழுந்தார். அவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது. ஒரு மனிதனுக்கு முதன்முதலாக வந்த யோசனை எப்படி முகத்தில் ஒளி ஏற்றுமோ, அப்படி இருந்தது அவர் முகம்.

குவிந்திலிஸ், 19

நான் இதுவரை கூவியதிலேயே அரிய அறிவிப்பு இதுதான்:

"ரோமானியப் படை நம் ஊருக்கு வருகிறது. யாரும் ஆயுதம் எடுக்கக் கூடாது. வாசற்கதவுகள் திறந்தே இருக்கும். எல்லாரும் எப்போதும்போல் இருக்கவும். எப்போதும்போல் இல்லாதவர்கள் தண்டிக்கப்படுவார்கள்."

சண்டைக்கு ஆளே வராத ஊரோடு எப்படிச் சண்டை போடுவார்கள் என்பது துரானியஸின் கணக்கு. ஒப்புக்கொள்கிறேன், கெட்டிக்காரத்தனமான கணக்குதான். பிற்பகலில் ஒத்திகை நடந்தது. பள்ளியில் பிள்ளைகள் குறைவாம், எழுத்துச் சொல்லும் சத்தம் போதவில்லையாம். தாடி வைத்த ஆட்கள் சிலரை உள்ளே உட்காரவைத்தார்கள். செருப்புத் தைப்பவர் இயல்பாகத் தைக்கவில்லை என்று திட்டு வாங்கினார். ஊற்றடியில் தினமும் பெண்கள் சண்டை போடுவது வழக்கமாதலால், சண்டைக்கு இரண்டு பெண்கள் நியமிக்கப்பட்டார்கள்.

கடைசியாக இன்னொரு வரியையும் கூவச் சொன்னார்: "இவ்வூரிலிருந்து யாரும் தெற்கே போகவில்லை. போனவர்கள் யாரானாலும் அவர்கள் இவ்வூரார் இல்லை."

கூவினேன். தெளிவாக, சரியான இடங்களில் மூச்சு விட்டு.

வெத்தியா வாசலில் நின்றிருந்தாள். "அந்தக் கடைசி வரி யாரு எழுதினது?"

"மன்றம்."

"சொன்னது யாரு?"

"நான் வெறும் வாய்தானே, வெத்தியா."

அவள் உள்ளே போனாள். இன்றும் மொச்சைதான்.

குவிந்திலிஸ், 22

வந்துவிட்டார்கள்.

மன்றத்தார் வெள்ளை மேலாடை போர்த்தி, படைக்கு ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் எடுத்துக்கொண்டு, வயலுக்கே போய் வரவேற்றார்கள். ஊர் முழுக்க மிகக் கடுமையாக எப்போதும்போல் இருந்தது. கொல்லன் இரும்பே இல்லாமல் பட்டடையை அடித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்குள்ளிருந்து எழுத்துகள் போர்முழக்கம்போல் வந்தன. ஊற்றடிப் பெண்கள் இருவரும் நடிக்கத்தான் தொடங்கினார்கள். நடுவில் ஏதோ பழைய விஷயம் நினைவுக்கு வந்து, ஒருவர் கூந்தலை ஒருவர் பிடித்துவிட்டார்கள். விலக்கிவிட ரோமானியச் சிப்பாய்கள் தேவைப்பட்டார்கள்.

தளபதி குள்ளமான மனிதர். எதைப் பார்த்தாலும் தொட்டுப் பார்க்கிறார். அத்திப்பழத்தைத் தொட்டார், கதவின் கீலைத் தொட்டார், துணியைத் தொட்டார். என் கொம்பையும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தினமும் இப்படித்தானா இங்க?"

"எப்பவும்போலத்தாங்க."

"அந்தக் கொல்லன் எதை அடிக்கிறான்?"

"கை பழக்கம் விட்டுப் போயிடும்னு அடிக்கிறாருங்க."

அவர் சிரிக்கவில்லை. துரானியஸ் என் பக்கம் திரும்பிக் கண்ணால் எரித்தார். தளபதி வெத்தியாவின் ரொட்டிக் கடைமுன் நின்று ஒரு ரொட்டியைத் தொட்டார். "சூடா இருக்கே" என்றார். "சுட்டா சூடாத்தாங்க இருக்கும்" என்றாள் அவள். இன்று எங்கள் ஊரில் எப்போதும்போல் இருந்தது அவள் ஒருத்திதான்.

படை மதிலுக்கு வெளியே கூடாரம் அடித்திருக்கிறது. அடி இல்லை, தீ இல்லை. துரானியஸ் வென்றுவிட்டார் என்று ஊரே சொல்கிறது.

குவிந்திலிஸ், 23

சுருக்கமாக எழுதுகிறேன், மெழுகு குறைவாக இருக்கிறது.

காலையில் தளபதி ஐந்து கைதிகளைச் சதுக்கத்துக்குக் கொண்டுவந்தார். கழுத்தில் ஒரே கயிறு. "இவங்க உங்க ஊருன்னு சொல்றாங்க. ஊர் வழக்கப்படி கேளுங்க. யாராவது உரிமை கொண்டாடினா கூட்டிட்டுப் போகலாம்" என்றார். எங்கள் வழக்கம் அவருக்குத் தெரிந்திருக்கிறது: காணாமல்போன எதுவானாலும் அறிவிப்பாளன் மூன்று முறை கேட்பான். கழுதைக்கும் அதேதான்.

அது பொறி என்று சதுக்கத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். உரிமை கொண்டாடினால், எதிரிக்கு ஆள் அனுப்பியது நாங்கள் என்று ஆகும். துரானியஸ் என் காதருகே வந்து, "மூணு தடவை. வேகமா. முடிச்சிடு" என்றார். அவருடைய தம்பி மனைவி ஒப்பியா, மானியஸின் தாய், அங்கே இல்லை. உடல்நலம் கருதி அவளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அவள் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

கொம்பு ஊதினேன். "இந்த ஆட்களை அறிந்தவர் உண்டா?"

கொல்லன் அடித்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் எழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் முறை கேட்டேன். கயிற்றில் இரண்டாவதாக நின்றவனுக்கு இடது புருவத்தில் வெட்டு. ஆறி வருகிறது. உயரமானவன். என்னைப் பார்த்தான் என்று நினைக்கிறேன். வெயில் என் கண்ணில் அடித்தது, உறுதியாகச் சொல்ல முடியாது.

மூன்றாம் முறையும் கேட்டேன். அது என் கடமை.

ரொட்டிக் கடையிலிருந்து வெத்தியா வந்தாள். கையெல்லாம் மாவு. நேராகத் தளபதி முன் போய் நின்றாள்.

"இவன் என் பிள்ளை. வீட்டை விட்டு ஓடினவன். ஊருக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. எனக்கும் அவனுக்கும் இருக்கு."

தளபதி அவள் கையிலிருந்த மாவைத் தொட்டுப் பார்த்தார். "இவனோட அப்பா?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "அவரு வேலையா இருக்காரு" என்றாள்.

கயிற்றை அறுத்துவிட்டார்கள். அப்போது கூட்டத்தில் ஒரு அசைவு. இன்னும் சிலர் வாயைத் திறக்கப் போனார்கள். துரானியஸ் என்னைப் பார்த்து, வெட்டிவிடு என்பதுபோல் கையை வீசினார். "மூன்று முறை கேட்டாயிற்று. அழைப்பு முடிந்தது" என்று கூவினேன். வழக்கம் அதுதான். மற்ற நால்வரையும் திருப்பிக் கொண்டுபோனார்கள். மானியஸ் மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான், பூட்டிய வீடு இருக்கும் பக்கமாக.

குவிந்திலிஸ், 24

தொண்டை வலி. அறிவிப்பு எதுவும் செய்யவில்லை.

குவிந்திலிஸ், 27

படை போய்விட்டது. போகும்போது எங்கள் கழுதைகளில் சிலவற்றை நண்பர்கள் நினைவுப் பொருளாகக் கொண்டுபோனார்கள்.

விபியஸ் வீட்டில் தூங்குவதில்லை. திராட்சைத் தோட்டத்துக் குடிசையில் படுக்கிறான். அம்மா கொண்டுபோய்க் கொடுத்தால் சாப்பிடுகிறான். நான் கொண்டுபோனால் பசியில்லை என்கிறான். "என்கிறான்" என்பதுகூடச் சரியில்லை, தலையை ஆட்டுகிறான். நான் ஊர்மன்றத்தின் ஊழியன், அன்று என் வாய் என்னுடையதல்ல என்பதை அவனிடம் பொறுமையாக விளக்கினேன். அவன் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தான். மறுபடியும் விளக்கினேன். கொடிக்கு நன்றாகப் புரிந்திருக்கும்.

குவிந்திலிஸ், 34

எங்கள் ஊரில் இந்த மாதத்துக்கு முப்பத்தாறு நாள். ரோமில் முப்பத்தொன்று. ஆகையால் இன்று ரோமில் இல்லாத ஒரு நாளில் உட்கார்ந்து எழுதுகிறேன். முன்பெல்லாம் மாதக் கடைசியில் இந்த நினைப்பே ஒரு சந்தோஷம் தரும்.

துரானியஸும் பெரியவர்களும் ரோமுக்குப் போய், பெருமன்றத்தின் வாசலில் துக்க உடையில் நின்று, மன்னிப்புப் பெற்று வந்தார்கள். வாசலில் நிற்பதை துரானியஸ் மிக இயல்பாகச் செய்தாராம்.

செக்ஸ்திலிஸ் மாதம், 5

இன்று கூவியது: துஸ்குலத்து மக்கள் அனைவரும் இன்றுமுதல் ரோமானியக் குடிமக்கள். எதிரியை ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமல் வென்றோம். வென்றதால் இனி நம் படை அவர்கள் படை, நம் வரி அவர்கள் வரி, நம் மாதம் அவர்கள் மாதம். மன்றம் தொடர்ந்து கூடும். கூடி என்ன செய்வது என்பது பின்னர் அறிவிக்கப்படும்.

நன்மைகளையும் சேர்த்துக் கூவச் சொன்னார் துரானியஸ். "இனி நம் ஊரான் எவனையும் ரோமில் அடிமையாக விற்க முடியாது. சட்டம் அவனைக் காக்கும்."

இறங்கும்போது கூட்டத்தின் ஓரத்தில் விபியஸ் நின்றிருந்தான். அவன் சதுக்கத்துக்கு வந்தது அன்றைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்று வெயில் கண்ணில் அடிக்கவில்லை.

செக்ஸ்திலிஸ், 8

ஒப்பியா வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. வெத்தியாவிடம், "உனக்குக் கால் இருந்துச்சு, நடந்து போயிட்ட. எனக்குக் கதவு பூட்டியிருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள். வெத்தியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கொல்லைப்பக்கம் போய் விறகு பிளந்தேன். விறகு ஏற்கெனவே பிளந்துதான் இருந்தது.

செக்ஸ்திலிஸ், 11

விபியஸ் பேசினான்.

அத்திப்பழம் காயவைத்துக்கொண்டிருந்தேன். நேரே வந்து நின்றான். "நாளன்னிக்கு ரோம் சந்தையில கைதிங்கள விக்கிறாங்க. உப்பு வண்டிக்காரர் சொன்னாரு."

"யாரை?"

"யாரைன்னு உங்களுக்குத் தெரியாதா? ஓ, தெரியாதுன்னுதானே மூணு தடவை கேட்டீங்க."

நான் ஒரு அத்திப்பழத்தைத் திருப்பி வைத்தேன். அவன் என் எதிரே குந்தி உட்கார்ந்தான். புருவத்து வெட்டு தழும்பாகிவிட்டது.

"அன்னிக்கு நீங்களே கூவினீங்க, நம்ம ஊரான விக்க முடியாதுன்னு. அவங்க நாலு பேரும் நம்ம ஊருன்னு யாராவது சொல்லணும். நான் சொன்னா, அவுத்துவிட்ட கைதி உளர்றான்னு தள்ளிவிடுவாங்க. மன்றம் சொல்லவே சொல்லாது. நீங்க ஊரோட வாய். நீங்க கூவினா ஊர் சொன்ன மாதிரி."

"மன்றம் கேக்காம நான் எப்படிடா கூவ முடியும்? எனக்கு வேலை போயிடும்."

"போகும்" என்றான். "குரலை மட்டும் எடுத்துக்கிட்டு வாங்க. விளக்கத்தை எல்லாம் இங்கயே வெச்சுட்டு வாங்க."

வெத்தியா உள்ளேயிருந்து, "ரொட்டி கட்டி வெச்சிருக்கேன். ரெண்டு பேருக்கு" என்றாள். இவர்கள் இருவரும் முன்னமே பேசி வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் எனக்குத்தான் எந்த அறிவிப்பும் வருவதில்லை.

செக்ஸ்திலிஸ், 14

நேற்றைய தினத்தை எழுதுகிறேன். பலகையில் இடம் இருக்கும்வரை.

விடியும்போது இறங்கினோம். வழியெல்லாம் அவன் முன்னால், நான் பின்னால். பாலத்தைத் தாண்டும்போது மட்டும் திரும்பிப் பார்த்தான், நான் வருகிறேனா என்று.

ரோமின் சந்தை எங்கள் ஊர் முழுவதையும் வைத்து மூடிவிடலாம் போல் பெரியது. பத்து வருடத்துக்கு முன் வடக்கத்தியர் எரித்துவிட்டுப் போனதை அவசர அவசரமாகக் கட்டியிருக்கிறார்கள். தெருக்கள் குடிகாரன் நடந்த வழிபோல் கோணல்மாணலாக இருக்கின்றன. உலகத்தை ஆளப்போகிறவர்களுக்கு நேராக ஒரு தெரு போடத் தெரியவில்லை.

போரில் பிடித்தவர்களைத் தலையில் இலைமாலை சூட்டி விற்பது இவர்கள் வழக்கம். கல்யாண மாப்பிள்ளைகள்போல் வரிசையாக நிற்கவைத்திருந்தார்கள். விற்கும் அறிவிப்பாளனைக் கேட்டேன். தொழில்முறையில் சொல்கிறேன், அவன் ஒரு தண்டம். நெஞ்சிலிருந்து எடுக்காமல் தொண்டையில் கத்துகிறான். மாலைக்குள் குரல் போய்விடும். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே நான் நின்றதற்குக் காரணம், என் கால்கள் நகரவில்லை.

எங்கள் ஊரார் மூன்று பேர்தான் இருந்தார்கள். மானியஸைக் காணோம்.

விபியஸ் ஒரு தண்ணீர்த் தொட்டியின் கல்லைக் காட்டினான். ஏறினேன். கொம்பு இல்லை. மன்றம் எழுதிக்கொடுத்த வரி இல்லை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாத நிலை இதற்குமுன் வந்ததில்லை.

"செர்த்தோர், ஆவுலஸின் மகன், துஸ்குலத்தான்! காயசோ, லூசியஸின் மகன், துஸ்குலத்தான்! திருசஸ், காயசோவின் தம்பி, துஸ்குலத்தான்! மானியஸ், ஒப்பியாவின் மகன், துஸ்குலத்தான்! இவர்கள் குடிமக்கள்! இவர்களை விற்க முடியாது! அறிவிப்பது துஸ்குலம்!"

சந்தை நின்றது. மாட்டுச் சந்தைப் பக்கம்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மேற்பார்வை அதிகாரி ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார்.

"யாருய்யா நீ? கீழ இறங்கு."

"துஸ்குலத்து அறிவிப்பாளன்."

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "அட, அந்த வாய்! நான் அன்னிக்கு உங்க சதுக்கத்துலதான் நின்னேன். இவங்கள யாருக்குமே தெரியாதுன்னு முடிச்சு வெச்சது நீதானே?"

கடமை, வழக்கம், மன்றம் என்று நான் பொன்னாகச் சேர்த்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் மலைமேல் இருந்தன. "நான்தாங்க" என்றேன். "அன்னிக்கும் தெரியும். அந்த ரெண்டாவது ஆள், புருவத்துல வெட்டு வாங்கினவன், என் பிள்ளை. இதோ நிக்கிறான்."

அதிகாரி விபியஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு விற்பவனிடம் கையை அசைத்து நிறுத்தச் சொன்னார். யார் யாரையோ போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். நிழல் சுவரேறும்வரை நின்றோம். கடைசியில் மூன்று பேரின் மாலையையும் எடுத்துவிட்டார்கள்.

"நாலாவது ஆள்?" என்று கேட்டேன்.

"காவல் குழியில காய்ச்சல் வந்து போயிட்டான். புதுசா குடியுரிமை வந்துச்சே, அதுக்கு ரெண்டு நாள் முன்னால" என்றார் அதிகாரி. சொல்லும்போது அவர் மூக்கால் பேசவில்லை.

திரும்பும்போது ஐந்து பேராக நடந்தோம். ரொட்டி இரண்டு பேருக்குத்தான் இருந்தது, பங்கிட்டுத் தின்றோம். விபியஸ் தன் பங்கில் பாதியை என் கையில் வைத்தான், நான் யாரோ வழிப்போக்கன் என்பதுபோல, முகத்தைப் பார்க்காமல்.

செக்ஸ்திலிஸ், 16

மன்றம் என்னை விசாரித்தது. அனுமதியில்லாமல் உண்மை கூவியது குற்றம். அவர்கள் சொன்னது "அனுமதியில்லாமல் கூவியது" என்றுதான். நடுச் சொல் நான் சேர்த்தது. கொம்பை வாங்கிக்கொண்டார்கள். துரானியஸின் மைத்துனன் இனி அறிவிப்பாளன். இன்று முதல் அறிவிப்பு செய்தான். அது ஊற்றடிவரை வரவில்லை. என் வேலை போன செய்தி ஊருக்கு இன்னும் தெரியாது.

திரும்பி வந்த மூவரின் வீடுகளிலும் விருந்து. அவர்களைக் கட்டிப்பிடித்து துரானியஸ் ஒரு சொற்பொழிவு செய்தார். இவர்களை மீட்டது மன்றத்தின் பொறுமையான ராஜதந்திரம் என்பது அதிலிருந்து எனக்குத் தெரியவந்தது.

ஒப்பியாவிடம் யார் சொல்வது என்று எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். விபியஸ் போய்ச் சொன்னான். நான் வாசலுக்கு வெளியே நின்றேன். உள்ளே அழுகைச் சத்தம் இல்லை. அதைக் கேட்க நேர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செக்ஸ்திலிஸ், 18

காலையில் ஒப்பியா வந்தாள். இந்த முறை உட்கார்ந்தாள்.

"உடம்பு இல்ல. எரிக்க ஒண்ணும் இல்ல. ஆனா அவன் செத்துட்டான்னு ஊருக்குச் சொல்லணும் இல்லையா? முறைப்படி?"

"புது அறிவிப்பாளர்கிட்ட—"

"அந்த ஆளு சொன்னா எனக்கே கேக்காது." என்னை நேராகப் பார்த்தாள். "சந்தையில நீங்க அவன் பேரச் சொன்னீங்களாம். என் பேரோட சேர்த்து. விபியஸ் சொன்னான். அதே மாதிரி இங்கயும் சொல்லுங்க."

நான் இனி வெறும் நுமேரியஸ் என்றேன். கொம்பு இல்லை, உரிமை இல்லை என்றேன். அவள் எழுந்து வாசலில் காத்து நின்றாள், செருப்பைப் போட்டுக்கொண்டு. வெத்தியா என் மேலாடையை எடுத்துக் கொடுத்தாள்.

சதுக்கம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். சந்தை நாள். கல்மேடையில் ஏறினேன். புது அறிவிப்பாளன் ஏதோ சொல்ல வந்தான். துரானியஸ் மன்ற வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. துக்கத்துக்குச் செய்வதுபோல் மேலாடையின் நுனியை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டார். அவருடைய தம்பி மகன்தானே. இதை அவர் நடித்தாரா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

"மானியஸ், ஒப்பியாவின் மகன், இவ்வூரான், இறந்துவிட்டான். வழியனுப்ப விரும்புவோருக்கு நேரம் வந்துவிட்டது."

சொல்வதற்கு இவ்வளவுதான். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் பெயரைச் சொன்ன இடத்திலேயே குரல் உடைந்துவிட்டது. மிச்சமெல்லாம் வெறும் காற்று. முன்வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. ஒப்பியா அசையாமல் நின்றாள். நான் இறங்கப் பார்த்தேன்.

கூட்டத்தின் பின்னாலிருந்து விபியஸின் குரல் வந்தது.

"கேக்கலப்பா. இன்னொரு தடவை."

மூச்சை இழுத்து நெஞ்சில் நிறுத்தினேன். மறுபடி கூவினேன்.